ஆடு ஒதுங்கிய வேலி

ராக்கம்மாளின் ஆடுகள் காலை ஏழரை மணிக்கு அந்தப் பக்கம் வரும். முன்னால் வெள்ளைக்காதுக் கிடா, அதன் பின்னால் இருபது இருபத்தைந்து உருப்படி, கடைசியில் தோளில் தொரட்டிக் கம்போடு ராக்கம்மாள். அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டோரம் ஒரே வரிசையாக நிற்கும் ஒன்பது வீடுகளைத் தாண்டித்தான் அவள் கண்மாய்க்குப் போக வேண்டும். அந்த வரிசைக்கு நகர், காலனி என்று பேர்ப்பலகை எதுவும் கிடையாது. பஸ்ஸில் ஏறுகிறவர்கள் "ஒம்பது வீடு ஒண்ணு" என்று சொல்லித்தான் டிக்கெட் வாங்குவார்கள். வீடுகளின் வாசல் உள்தெருவைப் பார்க்கும். கொல்லைதான் ரோட்டைப் பார்க்கும்.

அன்றைக்கு ரங்கராஜ் கொல்லையில் பல் விளக்கிக்கொண்டு நின்றவர், வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டார்.

ஆடுகள் வேலி ஓரமாக வரவில்லை. நல்ல மண்பாதை சும்மா கிடக்க, எல்லாம் தார் ரோட்டில் ஏறி நடந்தன. ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தது. ராக்கம்மாள் ஒரு கையால் லாரியை மறித்து, மறு கையால் ஆட்டை அடித்து, இரண்டையும் ஒரே வசவில் வைதாள். ஒன்பதாவது வீட்டின் கடைசிக் கல்தூணைத் தாண்டியதும் ஆடுகள், ஏதோ உத்தரவு வந்த மாதிரி, மறுபடி மண்ணில் இறங்கின.

அதைவிட அதிசயம் அகத்தி. ரங்கராஜ் வீட்டு அகத்தி மரம் காற்றில் பாதி முறிந்து போய், இப்போது புதிதாகத் துளிர்த்து, வேலிக்கு வெளியே ஒரு முழம் கொழுந்தைத் தொங்கவிட்டிருந்தது. ஆடு கழுத்தை நீட்ட வேண்டாம், நாக்கை நீட்டினால் போதும். அகத்தியைக் கண்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவரும் ஆடுகள் அவை. இன்றைக்கு ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ரங்கராஜ் நுரையைத் துப்பிவிட்டுக் கூப்பிட்டார். "ஏ ராக்கம்மா! ஒன் ஆடெல்லாம் வெரதமா?"

"என்னையக் கேட்டா? ஒங்க வேலியக் கேளுங்கண்ணே. ரெண்டு வாரமா இப்பிடித்தேன். அன்னிக்கு ஒரு நா இந்தக் கெடா ஒங்க அகத்தில வாய வச்சுச்சு. ஆளு ஒசரம் துள்ளி விழுந்து கத்துச்சு பாருங்க, நாலு நாளு தொண்ட கட்டிப்போச்சு அதுக்கு. அதுலருந்து ஒண்ணும் கிட்ட வரமாட்டேங்குது. கம்பில என்னத்தத் தடவுனீக?"

"ஒண்ணும் தடவல. நல்லா இழுத்துக் கட்டிருக்கோம், அம்புட்டுத்தான்."

"இழுத்துக் கட்டுனதுக்கா ஆடு ரோட்டுல போயி லாரியில அடிபடப் பாக்குது?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

ரங்கராஜுக்கு அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. அவருக்கு வயது ஐம்பத்துமூன்று. டவுனில் ஒரு தறி செட்டில் விசைத்தறி ஓட்டுகிறார். எங்காவது ஒரு இழை அறுந்தால், ஏன் அறுந்தது என்று கண்டுபிடிக்காமல் தறியை ஓட்டமாட்டார். முதலாளி இதற்காகவே அவரைத் திட்டுவார், இதற்காகவே சம்பளமும் கூட்டிக் கொடுப்பார்.

அந்த வேலி போட்ட கதையையும் சொல்லிவிட வேண்டும்.

சித்திரை கடைசியில் ஒரு சாயங்காலம் காற்று கிளம்பியது. ஒரு மணி நேரம்தான். மழை நாலு சொட்டு, காற்று நாலு ஊருக்கு. அதற்கு முன்னால் ஒன்பது வீட்டுக்கும் ஒன்பது விதமான வேலி இருந்தது. ஒருவர் கருவேல முள், ஒருவர் ஓலைத் தட்டி, ஒருவர் பழைய தகரம். காற்று அடித்து முடித்தபோது தட்டி கண்மாயில் கிடந்தது. தகரம் ஒன்று கடைசி வீட்டுச் சங்கரபாண்டியன் மொட்டை மாடியில் போய் உட்கார்ந்திருந்தது. முள்ளெல்லாம் ரோட்டில் பரவி, ரெண்டு ஷேர் ஆட்டோ பஞ்சர்.

மறுநாளே காரியாபட்டியிலிருந்து ரங்கராஜின் மகள் தேவிபிரியா போன் போட்டாள். "யப்பா, பாப்பாவுக்கு மொட்ட போட அடுத்த மாசம் வாரதாச் சொன்னேன்ல. வேலி இல்லாத வீட்டுக்கு நான் பிள்ளையத் தூக்கிட்டு வரமாட்டேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. தைப் பொங்கலுக்கு வந்திருந்தபோது குழந்தை தவழ்ந்து தவழ்ந்து, முள்வேலியில் ஆடு போட்ட ஓட்டை வழியாக வெளியே போய், தார் ரோட்டில் வெள்ளைக்கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. பஸ் டிரைவர் பார்த்துப் பிரேக் போட்டதால் தப்பித்தது. பேத்தி வரும்போது வேலி இரும்பாக நிற்க வேண்டும் என்று போன் வந்த அன்றைக்கே ரங்கராஜ் முடிவு செய்தார். ஒன்பது வீட்டாரையும் கூட்டிப் பேசி, கல்தூணும் கம்பியும் சேர்ந்தே வாங்க வைத்தார்.

ஒன்பதில் ஆறு வீடு நெசவுக் குடும்பம். வீட்டுக்குள் கன்னடம், வெளியில் தமிழ். கம்பி இழுக்கிற அன்று, வீட்டுக்கு வீடு வெட்டி வெட்டிக் கட்டலாம் என்று சங்கரபாண்டியன் சொன்னார். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ரங்கராஜ் சிரித்தார். "அண்ணாச்சி, டிக்கெட் கிழிக்கிற மாதிரி கம்பிய வெட்டச் சொல்றீக. வெட்டுனா முடிச்சு விழும், முடிச்சு விழுந்த எடத்துல தொவளும். பாவு இழுக்கிற மாதிரி ஒரே இழையா இழுப்போம். அடுத்த காத்துக்கு அசையாது."

நெய்வதற்கு முன்னால் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்களே, அந்தப் பாவுதான் அவர் சொன்னது. அது அந்த ஆறு வீட்டுக்கும் கைவந்த வேலை. ஆண்களும் பெண்களுமாக நின்று, முதல் தூணில் பிடித்த கம்பியை ஒன்பதாவது வீட்டுக் கடைசித் தூண் வரை கொண்டுபோய், சுற்றித் திருப்பி, மறுபடி கொண்டுபோய், மூன்று வரிசையாக விறைப்பாக இழுத்தார்கள். ஒரு வெட்டு இல்லை, ஒரு முடிச்சு இல்லை. கீழ்ப்பாதியில் குழந்தை புகாதபடி கோழிவலையை வைத்துத் தைத்தார்கள். சுண்டினால் வீணை மாதிரி ரீங்காரம் போட்டது. ரோட்டில் போகிறவர்களெல்லாம் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் இன்னொரு வேலையும் நடந்தது. அதை யாரும் கூட்டம் போட்டுச் செய்யவில்லை. அந்த வரிசைக்குக் குழாய்த் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் வரும். குழாய் ரோட்டோரமாக ஓடுவதால் குழாய்க்குழி எல்லாம் கொல்லையில், வேலியை ஒட்டி. ஒன்பது குழியிலும் ஒன்பது மோட்டார். குடிதண்ணீர்க் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சக் கூடாது, பிடித்தால் மோட்டாரும் போகும், இணைப்பும் போகும். அதனால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிளாஸ்டிக் டப்பைக் கவிழ்த்து, அதன் மேல் சாக்கைப் போட்டு வைத்திருப்பார்கள். எல்லோருக்கும் தெரியும். யாரும் பேச மாட்டார்கள். முன்பு முள்ளுக்குள் மறைந்து கிடந்த மோட்டார் வயரெல்லாம் முள் போனதும் பல்லை இளித்துக்கொண்டு தெரிந்தன. அன்று இருட்டுவதற்குள் அவரவர் தங்கள் வயரைப் புது வேலிக் கம்பியோடு கம்பியாகச் சுற்றி மறைத்துவிட்டார்கள்.

ரங்கராஜும் சுற்றினார். ரொம்ப அழகாகச் சுற்றினார்.

இப்போது ஆட்டு விஷயத்துக்கு வருவோம்.

ராக்கம்மாள் சொன்னதைக் கேட்டதும் ரங்கராஜ் முதலில் செய்த காரியம், டெஸ்டரை எடுத்துவந்து கம்பியில் வைத்துப் பார்த்ததுதான். எரியவில்லை. மேல்கம்பி, நடுக்கம்பி, கோழிவலை எல்லாவற்றிலும் வைத்தார். இல்லை. தைரியமாகக் கையை வைத்தார். கம்பி குளிர்ந்துதான் கிடந்தது.

மறுநாள் ஒரு கொத்து அகத்தியை ஒடித்து ரோட்டு ஓரத்தில் போட்டார். ஆடுகள் அடித்துக்கொண்டு தின்றன. இன்னொரு கொத்தை வேலித் தூணில் கட்டித் தொங்கவிட்டார். வெள்ளைக்காதுக் கிடா பத்தடி தூரத்தில் நின்று அகத்தியைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, தும்மியது, போய்விட்டது.

"மாமா, ஆட்டுக்குப் பாடம் எடுக்கீகளா?" என்று கேட்டான் பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரன். அவனும் தறிக்காரன்தான்.

"ஏலே, இது ஏன் வரமாட்டேங்குது? நீ சொல்லு."

"புதுக்கம்பி வாடையா இருக்கும்."

"மூணு வாரமாச்சு. இன்னுமா வாடை? சரி, ஒனக்குக் கம்பியத் தொட்டா என்னிக்காச்சும் சுருக்குன்னுச்சா?"

ஜெகதீஸ்வரன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இல்லயே மாமா! எதுக்குச் சுருக்குங்குது? அடுப்புல பாலு வச்சிருக்கேன்" என்று உள்ளே போய்விட்டான். அவன் வீட்டில் பால் காய்ச்சுவது அவன் பெண்டாட்டி. அவள் அப்போது கொல்லையில்தான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எப்போதும் கொல்லையில் வெறுங்காலோடு நடந்தவள், இப்போது ரப்பர் செருப்புப் போட்டிருந்தாள்.

ரங்கராஜ் அதைக் குறித்துக்கொண்டார்.

நாலாவது வீட்டில் கனகலட்சுமி. புருஷனோடு சேர்ந்து பலசரக்குக் கடை நடத்துகிறவள். அவளிடம் கேட்டார்.

"கம்பில கரெண்டா? நல்லாக் கேட்டீக அண்ணாச்சி. கம்பி போட்ட அன்னிக்கே எலுமிச்சம்பழமும் மொளகாயும் கட்டிட்டேம்ல. அதான் ஆடு வரல."

"அப்ப ஏன் துணியெல்லாம் மாடிக்கு ஏத்திட்டீக? வேலிலதான காயப்போடுவீக?"

"வெயிலு மாடிலதான் நல்லா அடிக்குது" என்றாள் அவள். வெயில் அருப்புக்கோட்டையில் எங்கேதான் அடிக்காது?

கடைசி வீட்டுச் சங்கரபாண்டியன், வேலியில் கை படுகிற இடத்திலெல்லாம் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி வைத்திருந்தார். "கம்பி துரு பிடிக்கக் கூடாதுல்ல தம்பி" என்றார். புதுக்கம்பி.

ரங்கராஜ் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். செருப்பு, மாடி, டியூப். இவர்கள் எல்லோருக்கும் என்னமோ தெரிந்திருக்கிறது. கேட்டால் மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. இது என்ன கூத்து?

"சௌடு, இந்த வேலில என்னமோ இருக்கு" என்றார் பெண்டாட்டியிடம்.

சௌடம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "ஒங்களுக்கு வேற வேலையில்ல. பிள்ள நாளக்கழிச்சு வாரா. அதப் பாருங்க."

"எதுக்கு நீ இப்பத் துணிய மூங்கில் கம்பால எடுக்கிற? முந்தாநாத்துப் பாத்தேன்."

சௌடம்மாளின் முறம் நின்றது.

"போன தண்ணிக்கு கையி விறுவிறுன்னுச்சு" என்றாள் மெதுவாக. "அதுக்கு மொதத் தண்ணிக்கும்தான்."

"அடிப்பாவி! ஏன் சொல்லல?"

"யாருகிட்டச் சொல்ல? மோட்டாரப் பத்தி வாயத் தொறக்காத, அக்கம் பக்கத்துல யாராச்சும் போட்டுக் குடுத்துருவாகன்னு நீங்கதான சொன்னீக? ஒங்ககிட்டச் சொன்னா, வயரக் கழட்டுன்னுவீக. அப்பறம் பத்து நாளைக்குத் தண்ணிக்கு நான் எங்க போவேன்? லேசாத்தான் இருந்துச்சு. கட்டெறும்பு கடிச்ச மாதிரி. செருப்பு போட்டா அதுவும் இல்ல."

ரங்கராஜுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. தண்ணி வருகிற அன்றைக்கு மட்டும்! மற்ற நாளில் மோட்டார் ஓடாது, வயரில் கரெண்ட் இருக்காது, டெஸ்டரும் எரியாது. தண்ணி வருவது காலை எட்டு மணிக்கு மேல். அவர் அதற்குள் தறிக்குப் போயிருப்பார். அதனால்தான் அவருக்கு ஒருநாளும் தட்டுப்படவில்லை. கிடா வாய் வைத்ததும், ராக்கம்மாள் தாமதமாக வந்த அப்படி ஒரு காலையில்தான் இருக்கும். ஒரு தடவை பட்டது, ஜென்மத்துக்கும் மறக்கவில்லை.

ஆனால் யார் வீட்டு வயர்? ஒன்பது வயர் அந்தக் கம்பியில் சுற்றிக் கிடக்கிறது. கம்பி ஒன்றே ஒன்று. எங்கே கசிந்தாலும் ஒன்பது வீட்டிலும் ஓடும். கசிவது தன் வீட்டு வயர்தானோ என்று ஒவ்வொருவரும் பயந்து, வாயை மூடிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டார்கள்.

"நம்ம வயரு நான் சுத்துனது. நம்மளதா இருக்காது" என்றார் ரங்கராஜ். "அடுத்த தண்ணி சனிக்கெழமதான? வெள்ளிக்கெழம ஒயர்மேனக் கூட்டியாந்து நைசாப் பாக்கச் சொல்லுவோம். வெளிய தெரிய வேணாம்."

அப்போதும் அவர் நைசாக என்றுதான் சொன்னார்.

வியாழக்கிழமை காலை தேவிபிரியா வந்து இறங்கினாள். ரங்கராஜ் தறிக்கு லீவு போட்டிருந்தார். பேத்திக்குப் பதிமூன்று மாசம். பொங்கலுக்குத் தவழ்ந்தது, இப்போது எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறது, பிடித்துக்கொண்டே நாலு எட்டு வைக்கிறது. பீரோ, கட்டில் கால், தாத்தா வேட்டி, எது அகப்பட்டாலும் சரி.

"இப்ப வேலி எப்பிடி இருக்கு, பாத்தியா?" என்று ரங்கராஜ் மகளைக் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். வானம் மூடியிருந்தது. விடியற்காலையிலிருந்தே தூறல் விழுந்து, செம்மண் ஊறிக் கிடந்தது. பத்து மாதம் புழுதி பறக்கிற ஊரில் ஒரு தூறலுக்கே எல்லோரும் கொல்லையில் நின்று வானத்தைப் பார்த்தார்கள்.

"சூப்பரா இருக்குப்பா. யானை வந்தாலும் நுழையாது" என்று சொல்லிக் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள் தேவிபிரியா. ஈர மண் காலில் பட்டதும் குழந்தைக்குக் குஷி. துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அந்த நேரம் நடு வீட்டிலிருந்து ஒரு குரல்: "தண்ணி வந்துருச்சூ!"

சனிக்கிழமை வரவேண்டிய தண்ணீர். ரெண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. இதைக் கேட்டால் அந்த வரிசையில் யாரும் யோசிக்க மாட்டார்கள். கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். ஒரே நிமிஷத்தில் ஒன்பது டப்புக்கு அடியிலும் மோட்டார்கள் உறும ஆரம்பித்தன. சௌடம்மாளும் உள்ளே ஓடிப்போய்ச் சுவிட்சைப் போட்டுவிட்டுக் குடத்தை எடுத்தாள். தேவிபிரியா அம்மாவுக்கு உதவப் போனாள்.

தூறலால் அன்றைக்குத் தாமதமாகக் கிளம்பிய ஆடுகள் ரோட்டில் வந்துகொண்டிருந்தன. வழக்கம்போலத் தார் ரோட்டில்தான். திடீரென்று வெள்ளைக்காதுக் கிடா நின்றது. காதை விறைத்தது. அப்படியே பின்வாங்கி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாய்ந்தது. மொத்த மந்தையும் பின்னாலேயே பாய்ந்தது. மோட்டார்ச் சத்தம் கேட்டுத்தான் அது மிரண்டிருக்க வேண்டும். அன்றைக்கு அடி வாங்கியபோதும் இந்தச் சத்தம்தானே கேட்டது.

ராக்கம்மாள் ஆட்டைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள். வேலிக்கு உள்ளே ஒரு குழந்தை துவைக்கிற கல்லை விட்டுவிட்டு, ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு, கோழிவலையைப் பார்த்துத் தள்ளாடித் தள்ளாடி வந்தது.

"யண்ணே! பிள்ளையத் தூக்கு! தூக்குண்ணே!"

அந்த அலறலில் ரங்கராஜ் திரும்பினார். எப்படி ஓடினார் என்று அவருக்கே தெரியாது. குழந்தையின் விரலுக்கும் வலைக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்போது இடுப்போடு அள்ளித் தூக்கினார். ஈர மண்ணில் வழுக்கி, குழந்தையோடு உட்கார்ந்துவிட்டார். குழந்தை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது.

தேவிபிரியா ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். ரங்கராஜ் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, கம்பியில் வைத்தார்.

சிவப்பாக எரிந்தது. நன்றாக, பளிச்சென்று எரிந்தது. காய்ந்த மண்ணில் கட்டெறும்பாகக் கடித்தது, இந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கும் குழந்தையை என்ன செய்திருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குள் ஒன்பது வீட்டுக்காரர்களும் அவரவர் கொல்லையில் வந்து நின்றுவிட்டார்கள். இடையில் சுவர் கிடையாது. எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள்.

"கம்பில கரெண்டு ஓடுது" என்றார் ரங்கராஜ். "எல்லாரும் மோட்டார நிப்பாட்டுங்க."

யாரும் அசையவில்லை.

"எங்க வீட்டுல மோட்டாரே இல்லயேண்ணாச்சி" என்றாள் கனகலட்சுமி. அவள் காலடியில் டப் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"மாமா, எங்க வீட்டுலயும்..." என்று ஆரம்பித்த ஜெகதீஸ்வரன் தன் குழியிலிருந்து வந்த உறுமலைக் கேட்டு நிறுத்திக்கொண்டான். அவன் பெண்டாட்டி அவனிடம் கன்னடத்தில் ஏதோ கிசுகிசுத்தாள்.

வேலிக்கு வெளியிலிருந்து ராக்கம்மாள் சொன்னாள். "ஒங்க பாசைல பேசுனாலும் கரெண்டுக்குக் கரெண்டுன்னுதான சொல்றீக. எனக்கும் வெளங்குது, தாயி."

சங்கரபாண்டியன் மழையைப் பார்ப்பது போல வானத்தைப் பார்த்தார். ஒன்பது மோட்டாரும் ஓடிக்கொண்டே இருந்தன. சுவிட்சை அணைக்க உள்ளே போனால், சுவிட்ச் இருக்கிறது என்று ஒத்துக்கொண்ட மாதிரி. முதலில் போகிறவன்தான் குற்றவாளி.

ரங்கராஜ் பேத்தியைப் பார்த்தார். அது அம்மா தோளில் இருந்துகொண்டு, இன்னமும் வேலியைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தது.

"எங்க வீட்டுல மோட்டார் இருக்கு" என்றார் அவர் சத்தமாக. "நாலு வருசமா வச்சிருக்கேன். வயரக் கம்பியோட சுத்தி மறைச்சதும் நான்தான்." உள்ளே போய்ப் பிளக்கையே பிடுங்கிப் போட்டுவிட்டு வந்தார். டெஸ்டரைக் கம்பியில் வைத்தார்.

எரியவில்லை.

மறுபடி வைத்துப் பார்த்தார். கோழிவலையில் வைத்தார். எரியவில்லை. மற்ற எட்டு மோட்டாரும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

டெஸ்டர் அவர் கையில் மட்டும்தான் இருந்தது. அந்தச் சின்ன விளக்கு எரிகிறதா இல்லையா என்பது ரோட்டில் நிற்கிற ராக்கம்மாளுக்கோ, நாலு வீடு தள்ளி நிற்கிற கனகலட்சுமிக்கோ தெரியாது. ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும். யார் வீட்டுத் தப்போ என்று போய்விடும். ராத்திரியோடு ராத்திரியாக வயரைக் கழற்றிவிடலாம். இதெல்லாம் அவர் மனசில் ஓடாமல் இல்லை, ஓடியது.

"என் வயருதான்" என்றார் ரங்கராஜ். "நான் சுத்துன வயருதான் கசிஞ்சிருக்கு. ஊரெல்லாம் போயிக் கேட்டேன், என் வீட்டப் பாக்கல. நான் போட்ட வேலி, நான் சுத்துன வயரு, என் பேத்தியவே..."

சௌடம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். "எனக்கு மொதத் தண்ணிலயே தெரியும். நான் சொல்லல" என்றாள்.

முதலில் ஜெகதீஸ்வரன் வீட்டு மோட்டார் நின்றது. "எங்களுக்கும் சுருக்குன்னுச்சு மாமா. எங்க வயருதான்னு நெனச்சுப் பயந்து கெடந்தோம்" என்றான். பிறகு கனகலட்சுமி வீட்டு டப் ஆட்டத்தை நிறுத்தியது. ஒவ்வொன்றாக நின்று, கடைசியில் கண்டக்டர் வீட்டு மோட்டாரும் அடங்கியது. சங்கரபாண்டியன் சைக்கிள் டியூபை உருவிக்கொண்டே, "துருவுக்குன்னு சொன்னேன்ல, மன்னிச்சுக்க தம்பி" என்றார்.

எல்லா மோட்டாரும் நின்ற அமைதியில் தூறல் சத்தம் மட்டும் கேட்டது. அப்போது ராக்கம்மாள் தொரட்டிக் கம்பை ஊன்றிக்கொண்டு சொன்னாள்:

"என் ஆட்டுக்கு வாயில்லண்ணே. ஒரு தடவ சுட்டுச்சு, ஒதுங்கி ஒதுங்கிப் போயி ரெண்டு மூணு வாரமா ஊருக்கே சொல்லுச்சு. ஒங்க ஒம்பது வீட்டுக்கும் வாயிருக்கு. ஒருத்தராச்சும் சொன்னீகளா?"



மறுநாள் ஒயர்மேன் வந்தார். நைசாக அல்ல, ஒன்பது வீட்டாரும் கூப்பிட்டு, பட்டப்பகலில் வந்தார். ரங்கராஜ் வயரில் ஒட்டுப்போட்ட டேப் வெயிலில் காய்ந்து உரிந்து, உள்ளே இருந்த செம்பு வேலிக் கம்பியை ஒட்டிக் கிடந்தது. "ஒங்களது மட்டும் இல்லண்ணே. இன்னும் ரெண்டு வீட்டு வயரும் இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்குது" என்றார். கரெண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் சாதனத்தை ஒவ்வொரு வீட்டிலும் மாட்டினார். வேலிக் கம்பியை வீட்டுக்கு வீடு வெட்டி, நடுவில் இடம் விட்டுக் கட்டினார்கள். வெட்டும்போது சங்கரபாண்டியன், "டிக்கெட்ட நானே கிழிக்கிறேன்" என்று கட்டரை வாங்கிக்கொண்டார். ரங்கராஜ் சிரித்தார்.

மோட்டார்களைக் கழற்றுவதற்குத்தான் ரொம்பப் பேச்சு. தண்ணி இல்லாமல் என்ன செய்வது என்று பெண்கள் கேட்டார்கள். சரி, ஒரு தடவை பார்ப்போம் என்று கழற்றினார்கள். அடுத்த தண்ணி வந்த அன்று எல்லோரும் குழாயைத் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒல்லியாகத்தான் வந்தது. ஆனால் ஒன்பது வீட்டிலும் வந்தது. மோட்டார் இல்லாவிட்டால் சொட்டுக்கூட வராது என்று சங்கரபாண்டியன் சத்தியம் செய்த கடைசிக் குழாயிலும் வந்தது. முன்பு ஒரு மணி நேரத்தில் நிறைந்த தொட்டி நிறைய மூன்று மணி நேரம் ஆனது. "பக்கத்து வீட்டுக்காரன் உறிஞ்சுறான்னு நானும் உறிஞ்சேன், நான் உறிஞ்சுறேன்னு அவன் உறிஞ்சான்" என்று ஜெகதீஸ்வரன் தலையைச் சொறிந்தான்.

ஆடுகள் மட்டும் நம்பவில்லை. இன்னும் மூன்று வாரம் தார் ரோட்டில்தான் போயின. ரங்கராஜ் தினமும் காலையில் பல் விளக்கிக்கொண்டே பார்ப்பார். வேலியில் தினமும் டெஸ்டரும் வைத்துப் பார்ப்பார்.

ஒரு நாள் சௌடம்மாள் கொல்லையிலிருந்து கத்தினாள். "ஏங்க! ஓடியாங்க! அந்த வெள்ளக்காது அகத்தியப் பூராம் திங்குது! வெரட்டுங்க!"

ரங்கராஜ் ஓடிவந்தார். கிடா கழுத்தை வேலிக்குள் விட்டுக் கொழுந்தை உருவி உருவித் தின்றுகொண்டிருந்தது. மற்ற ஆடுகள் மண்பாதையில், வேலியை உரசிக்கொண்டு நின்றன.

"விடு, திங்கட்டும்" என்றார் அவர். "வேலி சரியா இருக்குன்னு அது சொன்னாத்தான் எனக்கு நிம்மதி. கரெண்ட் கசிஞ்சது ஒயரு தப்பு, சௌடு. அத ஒரு டேப்புல ஒட்டிருக்கலாம். தெரிஞ்சும் வெளிய சொன்னா நம்ம குட்டு ஒடஞ்சிரும்னு ஒம்பது வீடும் வாய மூடிட்டு இருந்தோம் பாரு, அதான் பிள்ளையக் கொல்லப் பாத்துச்சு. இனிமே கை சுருக்குன்னா மொதல்ல கத்தணும். யாரு தப்புங்கிறத அப்பறம் பாத்துக்கலாம்."

ரோட்டிலிருந்து ராக்கம்மாள் கேட்டாள். "அண்ணே, ஆட்ட ஓட்டவா?"

"ஓட்டாத ராக்கம்மா. இன்னொரு கொத்து ஒடிச்சுப் போடுறேன், இரு."